இருபத்தேழாம் எண்ணுக்கு நேரே ஒரு கோடு

சனிக்கிழமை காலைகளில் என் மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். வெள்ளி இரவு அவளுக்கு ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி. மருமகனுக்குச் சிட்னியில் வேலை. பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். ஆகவே பேத்தியை ஐஸ் ஹாக்கிக்குக் கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பு என்னிடம் வந்தது. கூட்டிக்கொண்டு போவது என்று சொல்வதே மிகை. பதினாறு வயதுப் பிள்ளை, என்னைவிட ஒரு சாண் உயரம். டார்னெய்ட் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது அவள்தான் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள். என் பங்கு கவலைப்படுவது மட்டும். காலணி மறந்துவிட்டாளா, கழுத்துக் காப்பு எடுத்தாளா, திரும்பும் ரயில் ரத்தாகியிருக்குமா என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே போவேன். அவள் காதில் பாட்டுக் கருவி இருக்கும். தலையை மட்டும் ஆட்டுவாள்.

பனித்தளத்தின் மேல்வரிசை இருக்கைகள் இரும்பு. குளிர் அடியிலிருந்து ஏறும். மற்றப் பெற்றோர் காப்பி குடித்தபடி கதைத்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அவர்களோடு கதைக்க ஒன்றுமில்லை. விளையாட்டும் முதலில் பிடிபடவில்லை. ஆறு பேருக்கு ஆறு பேர், ஒரு கறுப்பு ரப்பர் வட்டு, அதைத் துரத்திக் கண்ணுக்கு எட்டாத வேகத்தில் மட்டைகள். நான் சும்மா இருக்க முடியாதவன். கோட்டுப் பைக்குள் கையை வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் மற்ற விரல்களின் ரேகைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணத் தொடங்கினேன். ஒன்பதாம் எண் பிள்ளை எத்தனை முறை வட்டைத் தொட்டாள், எத்தனை முறை பறிகொடுத்தாள் என்று. யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்து, ஏ.எல். விடைத்தாள் திருத்தி, பிறகு இந்த நாட்டில் ட்ருகனினா என்ற ஊரில் கிடங்கொன்றில் பெட்டி எண்ணி ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன தெரியும்?

ஒரு சனிக்கிழமை ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கனடாவில் விளையாடியவள். நகரத்தின் பெண்கள் அணிக்கு இளையவர்களைத் தேடிப் பிடிப்பது அவளுடைய வேலை. சிறு சம்பளம் கொடுக்கும் சிறிய அணிதான், ஆனால் இங்குள்ள பிள்ளைகளுக்கு அதற்கு மேல் வேறொன்று இல்லை.

“பைக்குள் என்ன செய்கிறீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. கையை வெளியே எடுத்து விரலைக் காட்டினேன். போன கிழமை ஆட்டத்தில் ஒன்பதாம் எண் முப்பத்தொரு முறை தொட்டாள், பன்னிரண்டு முறை பறிகொடுத்தாள் என்றேன். அவள் தன் கைபேசியைத் திறந்து எதையோ பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“எங்களிடமும் அதே எண்ணிக்கை. ஆனால் அதை எண்ண எனக்கு ஒரு முழு மாலை எடுத்தது.”

அடுத்த கிழமை அவள் ஒரு வேலையோடு வந்தாள். அணியின் வருங்காலப் பின்காவலுக்குப் பதினான்கு பிள்ளைகளைக் குறித்து வைத்திருக்கிறாள். அவர்களில் ஆறு பேரைக் குளிர்காலத்தில் பெரிய அணியோடு பயிற்சிக்கு எடுப்பாள். ஒவ்வொருவருக்கும் மூன்று ஆட்டங்களின் வீடியோ இருக்கிறது, எண்ணத்தான் ஆளில்லை. எண்ண வேண்டியது ஒரே ஒரு விஷயம். எதிரிகள் துரத்தி வரும்போது தங்கள் பக்கத்து மூலையில் கிடக்கும் வட்டை எடுத்து, கைநழுவ விடாமல் தங்கள் பகுதியின் எல்லையான நீலக் கோட்டைத் தாண்டி வெளியே கொண்டுபோக வேண்டும். பயந்து கண்டபடி அடித்து விரட்டினால் கணக்கில் இல்லை.

“கோல் போடுகிறவளை எல்லோரும் பார்க்கிறார்கள்,” என்றாள். “இதை யாரும் பார்ப்பதில்லை. பதினாறு வயதில் இது வருகிறவள்தான் இருபது வயதில் என் அணியில் நிற்பாள்.”

நான் சம்மதித்தேன். அன்று மாலை வீடியோக்கள் வந்தன. பெயர்கள் இல்லை, சட்டை எண்கள் மட்டும். விடைத்தாளில் சுட்டெண் மட்டும் இருப்பதுபோல. எனக்கு அது பிடித்தது. பட்டியலைக் கீழே இறக்கிக்கொண்டு போனேன். பதினோராவது வரியில் இருபத்தேழு. என் பேத்தியின் எண்.

இதைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டியதில்லை என்றே நினைத்தேன். நாங்கள் திருத்தும் காலத்தில் சொந்தப் பிள்ளை பரீட்சை எழுதினால் அந்த வருஷம் திருத்தப் போகக்கூடாது. உறவுக்காரப் பிள்ளையின் தாள் கைக்கு வந்துவிட்டது என்று சந்தேகம் வந்தாலும், புள்ளிக் கட்டத்தில் ஒரு சிறு கோடு போட்டு மேலே அனுப்பிவிடுவோம். யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். இன்னொருவர் எடுத்துத் திருத்துவார். திருத்துகிறோம் என்று வீட்டில் மூச்சும் விடமாட்டோம். அந்த முறையையே இங்கும் பின்பற்றினேன். பதின்மூன்று பிள்ளைகளை எண்ணினேன், சந்தேகமானதை இரண்டாம் தரம் எண்ணினேன். இருபத்தேழுக்கு நேரே ஒரு கோடு போட்டு அனுப்பினேன். மகளுக்கோ பேத்திக்கோ ஒரு சொல் சொல்லவில்லை.

வீட்டில் அந்த நாட்களில் வேறொரு பேரம் நடந்துகொண்டிருந்தது. பதினான்கு பேரில் தானும் ஒருத்தி என்று கனடாவில் விளையாடிய அந்தப் பெண் பேத்திக்கும் அறிவித்திருந்தாள். ஆனால் அவளுக்கு அடுத்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு. விளையாட்டை நிறுத்து என்று மகள் சொல்ல, அவள் அழ, இவள் கத்த, கடைசியில் ஒரு தீர்ப்பு வந்தது.

“ஆறு பேருக்குள்ள வந்தால் விளையாடு,” என்றாள் மகள். “வராட்டி இயர் ட்வெல்வ் முடியுமட்டும் மட்டையைத் தொடக்கூடாது. சரியோ?”

“டீல்,” என்றாள் பேத்தி.

நான் தட்டைக் கழுவ எழும்பினேன்.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் அவள் பள்ளியால் வந்து நேரே கராஜுக்குள் போனாள். வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். துணி துவைக்கும் இயந்திரத்தில் சாய்ந்து நிலத்தில் உட்கார்ந்திருந்தாள். கைபேசியை நீட்டினாள். வருத்தத்துடன் தெரிவிக்கிறோம் என்று ஒரு மின்னஞ்சல். கீழே அவளுடைய இடமும் எண்ணிக்கையும்.

“லாஸ்ட், அம்மப்பா,” என்றாள். “செவன்த், எய்ட்த் எண்டால் பரவாயில்லை. ஃபோர்டீன்த். ஸீரோ போட்டிருக்கு. மூண்டு மேட்ச்சில ஒருக்காக் கூட நான் வெளிய கொண்டு வரேல்லையாம்.”

என் கோடு அங்கே சைபராக நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தேன். சைபர்தான். “பிழையாயிருக்கும்,” என்றேன். அவள் சிரித்தாள், அந்த வயதுப் பிள்ளைகள் பெரியவர்களின் ஆறுதலைக் கேட்டுச் சிரிக்கும் சிரிப்பு. எழும்பி அறைக்குப் போய்விட்டாள்.

அன்று மாலை என்னால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. குசினிக்கும் வாசலுக்கும் நடந்தேன். குப்பைத் தொட்டியை வெளியே வைத்தேன். அது எங்கள் தெருவுக்குக் குப்பை எடுக்கும் நாள் இல்லை என்று நினைவு வந்து உள்ளே இழுத்தேன். மகள் டியூட்டிக்குப் போகச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னப்பா, கூட்டுக்குள்ள கோழி மாதிரி நடக்கிறியள்?”

“அவள் கடைசி இல்லை.”

“உங்களுக்கு என்னெண்டு தெரியும்?”

“எண்ணினது நான்தான்.”

“எதை எண்ணினியள்?”

“மற்றப் பதின்மூண்டு பேரையும்.”

அவள் அடுப்பை நிறுத்தினாள். “அப்ப இவளை?”

“சொந்தப் பிள்ளையின்ர பேப்பரைத் திருத்தப்படாது. கோடு போட்டு விட்டனான். வேற ஆக்கள் எண்ணுவினம் எண்டு நினைச்சன்.”

மகள் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். சண்டை வரும் என்று காத்திருந்தேன். அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

“நான் சோதினை எடுத்த வருசமும் இப்பிடித்தான். திருத்தப் போகேல்லை. வீட்டுக்குள்ள ஒரு மாசம் நடந்தியள். என்ர றிசல்ட் வர முந்தி நிலம் தேஞ்சு போச்சு.”

“அது சட்டம்.”

“அங்க சட்டம் அப்பா. இஞ்ச ஆருக்குத் தெரியும் உங்கட கோடு? இது என்ர பேத்தி, நான் எண்ண மாட்டன் எண்டு அந்தப் பொம்பிளைக்கு ஒரு வரி எழுதியிருக்கலாமே.”

அந்தக் கோடு அதைத்தான் சொல்கிறது என்று நான் நினைத்திருந்தேன். இத்தனை வருஷம் அது எல்லோருக்கும் அதைத்தான் சொன்னது.

வெள்ளிக்கிழமை காலை கனடாப் பெண்ணை அழைத்தேன். கோட்டின் கதையைச் சொன்னேன்.

“கோடு என்றால் ஒன்றுமில்லை என்று நினைத்தேன்,” என்றாள். “எங்கள் கணினியும் அப்படித்தான் நினைத்தது. என் கண்ணுக்கு அந்தப் பிள்ளை நடுவில் நிற்பவள். இவ்வளவு கறாரான மனிதரா என்று யோசித்தேன். கடைசி நான்கு பேருக்குத்தான் கடிதம் போயிருக்கிறது. மற்றது திங்கட்கிழமை. ஞாயிறு இரவுக்குள் அவளை எண்ணி அனுப்புங்கள்.”

“நான் எண்ணக்கூடாது.”

“எனக்கு வேறு ஆளில்லை. உங்களை நம்புகிறேன்.”

நம்பாதே என்று சொல்லியிருக்க வேண்டும். எண்ண உட்கார்ந்தேன். முதல் தரம் இருபத்தைந்து வந்தது. அது அதிகம் என்று மனம் சொல்லிற்று. அவள் வட்டை எடுக்கும்போதெல்லாம் என் விரல் முந்திக்கொண்டது எனக்கே தெரியும். இரண்டாம் தரம் இறுக்கிப் பிடித்தேன். பத்தொன்பது. அது அநியாயம், வேறொருவர் பிள்ளைக்கு அப்படிச் செய்யமாட்டேன். மூன்றாம் தரம் இருபத்துமூன்று. மூன்றுக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. கிடங்கில் நாலாயிரம் பெட்டியில் ஒன்று பிசகினால் வெட்கப்பட்டவன் நான். ஆறாம் இடத்தில் நின்ற பிள்ளைக்கு இருபத்துநாலு. இருபத்தைந்து என்று அனுப்பினால் அவள் உள்ளே, இருபத்துமூன்று என்றால் வெளியே. அந்தக் கதிரையில் என்னால் இருக்கவே முடியவில்லை.

அடுத்த வீட்டில் தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர் இருக்கிறார். சாஃப்ட்வேரில் பிழை கண்டுபிடிக்கும் வேலை. சனி மத்தியானம் அவரைக் கூப்பிட்டேன். யாருடைய வீடியோ என்று சொல்லவில்லை. எதை எண்ண வேண்டும் என்பதை மட்டும் விளக்கி, யாருக்காக என்று தெரியாதிருக்க ஒன்பதாம் எண்ணையும் சேர்த்து எண்ணச் சொன்னேன்.

ஐந்து நிமிஷம் பார்த்தார். “சார், இருபத்தேழு நம்ம வீட்டுப் பொண்ணுதானே?”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்? முகமே தெரியாதே.”

“டெய்லி எங்க வீட்டு முன்னாடிதானே நடந்து போகுது. தோளை ஒரு பக்கமா சாய்ச்சுக்கிட்டு. ஹெல்மெட் போட்டா நடை மாறிடுமா?” பிறகு என்னைப் பார்த்து, “நீங்க வெளிய போங்க சார். நீங்க பக்கத்துல நின்னா எனக்கே எண்ணிக்கை தப்புது,” என்றார்.

நான் தோட்டத்தில் நின்றேன். அவர் வெளியே வந்தபோது கையில் ஒரு துண்டுக் காகிதம்.

“இருபத்திரண்டு. ஒண்ணு மட்டும் பாதி பாதி சார். அடிச்ச மாதிரியும் இருக்கு, கொண்டு போன மாதிரியும் இருக்கு. டெஸ்டிங்ல நாங்க இதைப் பாஸ்னு போட்டுருவோம்.”

“மற்றப் பிள்ளைகளுக்கு நான் அப்பிடிப் போடேல்லை.”

“அப்ப இருபத்திரண்டுதான். அதைச் சேர்க்காமத்தான் சொல்றேன்.”

இருபத்திரண்டு என்றால் ஏழாம் இடம். எட்டாம் இடத்தில் இருபத்தொன்றாம் எண் பிள்ளை, அவளுடைய எண்ணிக்கையும் இருபத்தொன்று. நான் அனுப்பினேன். கனடாப் பெண் உடனே பதில் எழுதினாள். ஏழாவது ஆள் மாற்றாள். புதன்கிழமைகளில் அணியோடு பயிற்சி, யாராவது காயப்பட்டால் ஆட்டத்தில் இடம்.

இனி பேத்தியிடம் சொல்லாமல் இருக்க முடியாது. இரவுச் சாப்பாட்டில் சொன்னேன். கரண்டி பாதி வழியில் நின்றது.

“நீங்களா அது? நாங்க எல்லாரும் அது ஏ.ஐ. எண்டு நினைச்சம்.” பிறகு குரல் மாறியது. “எனக்கு ஸீரோ போட்டது நீங்களா?”

“சைபர் இல்லை. கோடு.”

அவள் எழும்பிப் போய்விட்டாள். மகள் தட்டைப் பார்த்தபடி, “ஏழு ஆறுக்குள்ள வராது,” என்று மட்டும் சொன்னாள். அறைக்குள்ளிருந்து பதில் வந்தது, ஆங்கிலத்தில், கதவு அடித்துச் சாத்தப்பட்ட சத்தத்தோடு.

ஞாயிறு காலை அவள் என் கதவைத் தட்டினாள். முகம் வீங்கியிருந்தது.

“எனக்குக் காட்டுங்கோ. எல்லாத்தையும். எனக்குப் பார்க்க ரைட் இருக்கு.”

இருக்கிறது. எங்கள் காலத்திலும் மீள்திருத்தத்துக்கு விண்ணப்பிக்கலாம். பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் சண்டை பிடித்தாள். இது ஏன் கணக்கில் இல்லை, அது ஏன் இல்லை. ஏனென்று சொன்னேன். பாதியிலேயே சண்டை குறைந்தது. தன் பிழைகளை அவளே முதலில் சொல்லத் தொடங்கினாள். “அது குப்பை.” “அது பயத்தில அடிச்சது.” மூன்றாவது ஆட்டத்தில் ஓர் இடத்தில் கையைத் தூக்கினாள்.

“நிப்பாட்டுங்கோ. இது நான் இல்லை.”

“இருபத்தேழு.”

“இருபத்தொண்டு. சட்டை மடிஞ்சு கிடக்கு, ஒண்டு ஏழு மாதிரித் தெரியுது. நான் அங்க பெஞ்சில இருக்கிறன், பாருங்கோ. வெள்ளை டேப் சுத்தின மட்டை.”

பெரிதாக்கிப் பார்த்தேன். பெஞ்சில் வெள்ளைச் சுற்றோடு ஒரு மட்டை. அவள்தான். நானும் கண்டுபிடிக்கவில்லை, பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிற தம்பியும் கண்டுபிடிக்கவில்லை. பேத்தியிடமிருந்து ஒன்று கழிந்து இருபத்தொன்றாம் எண்ணுக்குக் கூடும். இவளுக்கு இருபத்தொன்று, அவளுக்கு இருபத்திரண்டு. ஏழாமிடம் கைமாறிவிட்டது.

பட்டியல் மேசையில் கிடந்தது. அவளும் கணக்குப் போட்டுவிட்டாள் என்பது தெரிந்தது. சுருக்கமாக ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள், ஆங்கிலத்தில். நான் கேட்காததுபோல் இருந்தேன்.

“அனுப்பப் போறீங்களா?” என்றாள்.

“அனுப்பத்தான் வேணும்.”

“தெரியும்,” என்றாள். எழும்பிப் போகவில்லை. மிச்ச வீடியோவையும் ஓடவிடச் சொன்னாள்.

மாலையில் பதில் வந்தது. நன்றி, இருபத்தொன்றாம் எண் மாற்றாள், உங்கள் பேத்தி சனிக்கிழமை லீக்கில் தொடர்ந்து ஆடட்டும், அடுத்த வருஷம் மறுபடி பார்ப்பேன். அடுத்த வருஷம் என்ற சொல்தான் வீட்டில் இல்லாத சொல். மகள் அதை வாசித்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

“நீங்கள் சொன்னது ஆறு அல்லது ஒண்டுமில்லை,” என்றாள் பேத்தி தாயிடம். “ஃபோர்டீன் எண்டாங்கள், செவன் எண்டாங்கள், இப்ப எய்ட். நாளைக்கு வேற நம்பர் வரும். நீங்கள் எந்த நம்பரைப் பார்த்து என்னை நிப்பாட்டப் போறீங்கள்?”

“அம்மப்பாவின்ர எண்ணிக்கையை நான் நம்பேல்லை,” என்றாள் மகள். எனக்குச் சுருக்கென்றது. “சனிக்கிழமை நானே வந்து பார்த்திட்டுச் சொல்லுறன்.”

நாலு வருஷத்தில் அவள் ஓர் ஆட்டத்துக்கும் வந்ததில்லை. எலும்பு முறிவுப் பிரிவில் வேலை. பனியில் வழுக்கி வந்தவர்களைப் படுக்கையில் பார்த்தால் போதும், விழுவதையும் பார்க்க வேண்டுமா என்பாள்.

அந்த ஐந்து நாளும் நான் படாத பாடு பட்டேன். அவள் வருவாளா, வந்தாலும் அன்றைக்கென்று பிள்ளை விழுந்து தொலைப்பாளா, இருபத்தொன்றாம் எண்ணுக்கு இன்னும் ஏதாவது பிழை விட்டிருக்கிறேனா. பதின்மூன்று பேரையும் மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். வேறு பிழை கிடைக்கவில்லை. அதனால் நிம்மதி வரவும் இல்லை.

சனிக்கிழமை நானும் பேத்தியும் வழக்கம்போல் ரயிலில் போனோம். ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்துக்குப் பிறகு மகள் படியேறி வந்தாள். கோட்டுக்குள்ளே ஆஸ்பத்திரி உடுப்பு. கண் சிவந்திருந்தது. இரும்பு இருக்கையில் உட்கார்ந்ததும், “ஐயோ, இந்தக் குளிரிலயா இருக்கிறியள்?” என்றாள். “இவள் எது?”

காட்டினேன். முன்னால் சாய்ந்து பார்த்தாள். இரண்டாம் பகுதியில் எதிரணிப் பிள்ளை ஒருத்தி வேகமாக வந்து மோத, பேத்தி சுவரில் அடிபட்டு விழுந்தாள். கண்ணாடித் தடுப்பு அதிர்ந்தது. மகள் எழும்பி நின்றுவிட்டாள். நான் அவள் கோட்டைப் பிடித்துக்கொண்டேன். அவளை நிறுத்தவா, என்னை நிறுத்தவா என்று தெரியவில்லை.

“தோள்,” என்றாள் மகள் மெதுவாக. “இடது தோள். கையைத் தூக்கு. தூக்கடி.” கீழே பிள்ளை முழங்காலில் எழும்பினாள். கையைத் தூக்கி மட்டையை எடுத்தாள். “சரி. எலும்புக்கு ஒண்டுமில்லை,” என்று எனக்குச் சொன்னாள், நான் கேட்காமலே. ஆனால் உட்காரவில்லை.

வட்டு அந்த மூலையிலேயே கிடந்தது. இரண்டு பேர் அவளை நோக்கி வந்தார்கள். பேத்தி அதைக் காலால் தட்டி மட்டைக்கு எடுத்து, ஒருத்தியைச் சுற்றி, மற்றவளுக்கு முதுகைக் கொடுத்து, நீலக் கோட்டைத் தாண்டி வெளியே கொண்டுபோனாள். யாரும் கைதட்டவில்லை. கைதட்டுவதற்கு அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

“இதுதானா நீங்கள் எண்ணுறது?” என்றாள் மகள்.

“ஓம்.”

“இதுக்குத்தான் இவ்வளவு சண்டையா?” அவள் இருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கண் பிள்ளையை விட்டு எடுக்கவில்லை. “அந்த நீலச் சட்டை ஏன் சும்மா நிக்குது? இவளுக்கு உதவிக்கு வரலாமே. இவள் தனியத்தான் செய்யவேணுமோ?”

அதற்கு நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். அவள் கேட்கவில்லை. இன்னும் இரண்டு மூன்று முறை பிள்ளை மூலைக்குப் போய் வந்தாள். ஒருமுறை பறிகொடுத்தாள், மகள் சூள் கொட்டினாள். ஆட்டம் முடியச் சில நிமிஷம் இருக்கும்போது என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

“அடுத்த கிழமை எத்தினை மணிக்கு?”

“எட்டரைக்கு.”

“அப்ப டியூட்டி முடிய நேர இஞ்ச வாறன்.”

எட்டரை என்று சொன்னது சரிதானா என்று எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. கைபேசியை எடுத்து அட்டவணையைத் தேடினேன். விரல் விறைத்து எழுத்து நகர மறுத்தது.

“எட்டே முக்கால்,” என்று திருத்திச் சொன்னேன். அவள் எழும்பி நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.